நிழற்படமும் வாய்மையும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். நிழற்படம் என்று ஒன்று வந்தபின் இந்த எச்சரிக்கையை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். கண் ஏமாறலாம், காது ஏமாறலாம், கமரா மாத்திரம் ஏமாறாது என்பது இருபதாம் நூற்றாண்டு மனிதன் தனக்கென வகுத்துக்கொண்ட ஒரு புதிய வேதவாக்கு. கமரா ஒவ்வொரு கைத்தொலைபேசிக்குள்ளும் குடிபுகுந்துவிட்ட இன்றைய நாளில் அந்த வேதவாக்குத் தலைகீழாகப் புரண்டுகொண்டிருக்கிறது. எந்தப் படத்தைக் கண்டாலும் "இது எடிட் செய்தது" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் மனோபாவம் மாணவரிடையே மட்டுமன்றி ஆசிரியரிடையேயும் வளர்ந்து வருகிறது. முன்னையது மூடநம்பிக்கை என்றால், பின்னையது மூட அவநம்பிக்கை. இவ்விரண்டுக்கும் இரையாகாமல், எடுத்த படத்தைத் திருத்துதல் என்னும் செயலின் அறம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களாகிய நமக்கு இது ஓய்வுநேரக் கலை விசாரம் அன்று. 1981 மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. இன்று அவ்விடத்தில் புதுப்பித்த வெண்ணிறக் கட்டடம் நிற்கிறது. எனவே கரியேறிய சுவர்களையும் கூரையிழந்த மண்டபத்தையும் இன்றைய மாணவன் நிழற்படங்களில் மாத்திரமே காண முடியும். 1995 அக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எத்தனை வீடுகளின் படக்கோவைகள் அலுமாரிகளில் கைவிடப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது, தாய்மாரின் கைகளில் இருந்தவை பிள்ளைகளின் நிழற்படங்களே. நமது சமூகத்தில் நிழற்படம் ஒரு பத்திரம். சில குடும்பங்களில், ஒரு மனிதன் இவ்வுலகில் இருந்தான் என்பதற்கு எஞ்சிய ஒரே பத்திரமும் அதுவே. இத்தகைய பத்திரத்தில் கைவைப்பது எப்போது தொண்டாகிறது, எப்போது குற்றமாகிறது என்பதை நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குவோம். "நான் படத்தில் கையே வைப்பதில்லை, எடுத்தபடியே தருகிறேன்" என்று பெருமையுடன் சொல்லும் படப்பிடிப்பாளர்களை நாம் அறிவோம். அவர்களின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கைபடாத படம் என்று ஒன்று உலகில் உண்டா என்பதே கேள்வி.

இன்றைய கமராவில் பிலிமுக்குப் பதிலாக ஒளியை உணரும் ஒரு தகடு இருக்கிறது. அதிலுள்ள இலட்சக்கணக்கான நுண்கட்டங்கள் ஒளியின் அளவை அறியுமே தவிர நிறத்தை அறியா. எனவே ஒவ்வொரு கட்டத்தின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தை மாத்திரம் உள்ளே விடும் வடிகட்டி பொருத்தப்படுகிறது. நான்கு கட்டங்களுக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்பது கணக்கு. கொடாக் நிறுவனத்தின் விஞ்ஞானி பிறைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற இம்முறையே இன்றும் பெரும்பாலான கமராக்களில் ஆட்சி செய்கிறது. இதன் பொருள் என்ன? ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தையே அளக்கிறது. மற்ற இரண்டையும் அயற்கட்டங்களைப் பார்த்துக் கமராவுக்குள் இருக்கும் கணினி ஊகித்துக்கொள்கிறது. நாம் பார்க்கும் படத்தின் நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை அல்ல, கணக்கிட்டு நிரப்பியவை.

அத்துடன் முடியவில்லை. அவ்வாறு பதிவான மூலக்கோப்பு மங்கலாகவும் உயிரற்றும் இருக்கும். வெளிச்சத்தை நம் கண் உணரும் முறைக்கு அதை வளைத்துத் தரவேண்டும். எவ்வளவு வளைப்பது, வானத்தை எவ்வளவு நீலமாக்குவது, தோலை எந்த நிறத்தில் நிறுத்துவது என்பவற்றை எங்கோ ஒரு தொழிற்கூடத்தில் இருக்கும் பொறியியலாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள். ஆகவே "திருத்தவில்லை" என்பவர், திருத்தும் பொறுப்பைப் பெயர் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறார் என்பதே உண்மை. கைத்தொலைபேசிகளோ ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து ஒன்றாகக் குழைத்துத் தருகின்றன. 2023 இல் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் வைத்துச் சாம்சுங் கைத்தொலைபேசியால் படமெடுத்தார். திரையில் இல்லாத நுண்மைகளும் அக்கைத்தொலைபேசியின் படத்திலே தோன்றின. நிலவை இனங்கண்டு அதன் விவரங்களைச் செயற்கை நுண்ணறிவால் மேம்படுத்துவதாக நிறுவனமும் விளக்கம் தந்தது. பயிற்சியில் கண்ட நிலவை முன்னால் கண்ட நிலவின் மேல் அது ஏற்றிவிட்டது.

இது கணினி யுகத்தின் சீர்கேடு என்று எண்ணுவதும் தவறு. 1850 களில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லு கிறே கடற்காட்சிகளை எடுத்தபோது, அக்காலத்து இரசாயனத் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக இளகியதால் கடல் தெளிந்தால் வானம் வெளுத்தது; வானம் தெளிந்தால் கடல் இருண்டது. அவர் இரண்டு நெகற்றிவ்களை இணைத்து அச்சிட்டார். 1857 இல் ஒஸ்கார் றைலாண்டர் ஏறத்தாழ முப்பது நெகற்றிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். அமெரிக்காவின் அன்சல் அடம்ஸ் நெகற்றிவை இசைக்குறிப்புக்கும் அச்சுப்படத்தை இசைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். இத்தனை தூரம் போவானேன்? நெகற்றிவின் மீது கூரிய பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்தும், கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சேலை நிறமும் உதட்டு நிறமும் தீட்டியும் தந்த ஸ்ரூடியோக்காரர்களின் கைவண்ணம் நம் பாட்டன்மார் வீட்டுச் சுவர்களில் இன்னும் தொங்குகிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டவுடன் ஓர் ஆபத்தான முடிவு நம்மை அழைக்கிறது. எல்லாப் படமும் திருத்திய படமே என்றால், திருத்தத்தில் நல்லது தீயது ஏது? எல்லாம் பார்வை, எல்லாம் கற்பனை, மெய் என்று ஒன்றில்லை என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடலாமே? இந்த வாதம் மேனாட்டு அறிவாளிகள் சிலருக்குச் சுவையான விளையாட்டாக இருக்கலாம். எலும்புக்கூடுகளின் எண்ணிக்கையைப் பற்றி நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் மண்ணில் இதை ஒப்புக்கொள்ள முடியாது. மெய் என்று ஒன்றில்லை என்றால் அநீதி என்றும் ஒன்றில்லை. அதனால் இலாபம் அடைபவர் யார் என்று கேட்டால் இந்தத் தத்துவத்தின் வர்க்கச் சார்பு விளங்கிவிடும்.

இச்சிக்கலிலிருந்து வெளிவர நம் மண்ணில் பல தலைமுறைகள் பயின்றுவந்த ஓர் அறிவுக் கருவி உதவும் என்று கருதுகிறோம். சிவஞான சித்தியார் முதலிய சைவசித்தாந்த நூல்கள் அறிவு பெறும் வழிகளை அளவை என்று வகுத்து, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகின்றன. நேரே காண்பது காண்டல். புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற அனுமானம் கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. அந்நூல்களின் சமய முடிபை ஏற்பவரும் ஏற்காதவரும் இந்தப் பாகுபாட்டைப் பயன்படுத்தலாம்.

நிழற்படம் இம்மூன்றில் எதைச் சேர்ந்தது? படத்தைக் கண்ணால் பார்ப்பதனால் அதைக் காண்டல் என்று மயங்குகிறோம். உண்மையில் நாம் காண்பது தாளையோ திரையையோதான், நிகழ்ச்சியை அல்ல. நிகழ்ச்சியைக் கண்டவர் வேறொருவர். அவர் எங்கே நின்றார், எந்தக் கணத்தில் அழுத்தினார், சட்டத்துக்கு வெளியே எதை விட்டார், பின்னர் எதைத் திருத்தினார் என்பவை அனைத்தும் அவர் சொல்லும் உரையின் பகுதிகள். ஒரு நியாயமான மறுப்பு இங்கு எழலாம். படம் என்பது பொருளிலிருந்து புறப்பட்ட ஒளி விட்டுச்சென்ற தடம் அல்லவா? புகை கண்டு நெருப்பறிவதுபோல அது கருதலில் அடங்காதா? அடங்கும்; அந்தத் தடம் நம்மிடம் நேரே வந்து சேர்ந்தால். அது ஒருவர் கைவழியாக வருகிறது. அந்தக் கைக்குப் புகையை வரையத் தெரியுமானால், கையை நம்பாமல் புகையை நம்ப இயலாது.

இது வெறும் உவமை அன்று. 2006 ஆகஸ்டில் இஸ்ரேலியக் குண்டுவீச்சுக்கு இரையான பெய்ரூட் நகரத்தைக் காட்டும் ஒரு படத்தில், றொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காகப் படமெடுத்த அட்னான் ஹஜ், எழுந்த புகையைக் கணினியிலே பிரதிசெய்து பெருக்கினார். குண்டு மெய், எரிந்த கட்டடங்கள் மெய், இறந்த மக்கள் மெய். புகையில் ஒரு பங்கு பொய். நிறுவனம் அவருடன் தொடர்பை அறுத்ததோடு, அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது. ஒரு பொய்ப் புகைக்காக, அவர் எடுத்த மற்றப் படங்களும் அந்தச் சேகரிப்பிலிருந்து வெளியேறின.

ஆகவே படம் உரை அளவையைச் சேர்ந்தது என்பதை ஏற்றுக்கொண்டால், நம் கேள்வியின் வடிவமே மாறிவிடுகிறது. "இந்தப் படம் திருத்தப்பட்டதா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லாப் படமும் ஏதோ ஒருவகையில் திருத்தப்பட்டதே. "இப்படம் யார் கூற்று? அவர் நமக்கு என்ன வாக்குறுதி தந்திருக்கிறார்? செய்த திருத்தம் அந்த வாக்குறுதியைக் காக்கிறதா, முறிக்கிறதா?" என்று கேட்கவேண்டும். இதனைச் சோதிக்க எளிய உரைகல் ஒன்றும் உண்டு. திருத்தியவர், தாம் செய்த திருத்தத்தை அந்தப் படத்தின் கீழேயே ஒரு வரியில் எழுதிவைக்கத் தயாரா? அவ்வாறு எழுதியபின்னும் படம் தன் வேலையைச் செய்யுமா? செய்யுமானால் அது நேர்மையான திருத்தம். எழுதிய மாத்திரத்தில் படத்தின் நோக்கமே கெட்டுப்போகுமானால், அந்தத் திருத்தம் மறைவில் மாத்திரம் வாழக்கூடியது. மறைவில் மாத்திரம் வாழும் கூற்றுக்குப் பொய் என்று பெயர்.

இந்த உரைகல்லில் சிலவற்றை உரைத்துப் பார்ப்போம். 1944 இல் மறைந்த கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட் இருட்டறையில் ஒளியைப் புரட்டியும் பல படங்களை ஒன்றாக்கியும் விந்தையான உருவங்களைப் படைத்தார். அவற்றின் கீழ் "இவை இணைத்துச் செய்தவை" என்று எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. அவர் நிகழ்ச்சிக்குச் சாட்சி சொல்ல வரவில்லை; கலை படைக்க வந்தார். பனையோலைச் சுவடியை எடுத்துக்கொள்வோம். மையின்றிக் கீறிய எழுத்து, பக்கவாட்டில் ஒளியைச் சாய்த்துப் படமெடுத்து, பின்னர் கணினியில் நிறமுரணைக் கூட்டினால் கண்ணுக்குத் தெளிவாகிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் போன்ற முயற்சிகள், எரிக்க முடியாத ஒரு நூலகத்தை ஈழத்துத் தமிழ் எழுத்துக்காகக் கட்டிவருகின்றன. அத்தகைய பணியில் திருத்தம் உள்ளதை வெளிப்படுத்தும் தொண்டு. செய்ததைக் கீழே எழுதினால் படத்தின் மதிப்புக் கூடுமேயன்றிக் குறையாது.

நம்மூர் ஸ்ரூடியோக்களில் வழங்கும் இன்னொரு வழக்கத்தையும் பார்ப்போம். தங்கையின் திருமணக் குழுப்படத்தில், அகதியாய்க் கனடாவுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ சென்று ஊர் திரும்ப முடியாத அண்ணன் நிற்கிறான். இறந்துபோன தந்தை நடுவில் அமர்ந்திருக்கிறார். கடுமையான மெய்வாதி இதைப் பொய் என்பார். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அவர்கள் அங்கு இல்லை என்பது தெரியும். இல்லாமையின் துயரத்தையே அந்தப் படம் சொல்கிறது. "அப்பாவின் உருவம் பின்னர் சேர்க்கப்பட்டது" என்று கீழே எழுதினால் அன்பில் ஓர் அணுவும் குறையாது. வாய்மை என்பது தீங்கற்ற சொல் என்று வள்ளுவர் வகுத்த இலக்கணத்துக்கும் இது முரண்படாது. ஆயினும் ஒரு தலைமுறை கழிந்தபின் பேரப்பிள்ளைகள் அதை வரலாறு என்று எண்ணக்கூடும். எனவே அந்த ஒரு வரியை எழுதிவைப்பது நன்று.

கல்யாணத் தரகர் கையிலே சாதகக் குறிப்போடு போகும் பெண்ணின் படமோ வேறு வகை. அதில் கன்னம் வெளுக்கப்பட்டிருக்கிறது. கழுத்தும் கையும் அதற்கேற்ப வெளுக்கப்பட்டிருக்கின்றன. "இப்பெண்ணின் நிறம் வெளுக்கப்பட்டது" என்று கீழே எழுதினால் அந்தத் திருத்தத்தின் நோக்கம் நிறைவேறுமா? ஒருபோதும் நிறைவேறாது. இங்கே ஏமாற்றப்படுபவர் மாப்பிள்ளை வீட்டார் என்று மேலோட்டமாகத் தோன்றும். உண்மையில் அநீதி இழைக்கப்படுவது அந்தப் பெண்ணுக்கே. அவள் முகம் உள்ளபடி போதாது என்ற தீர்ப்பை அவள் கண்முன்னே எழுதி, சட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள். சீதனத்தோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய இன்னொரு சீதனமாக வெண்மை ஆகிவிட்டது. ஸ்ரூடியோத் தொழிலாளியைக் குறைகூறிப் பயனில்லை; அவர் கேட்டதைச் செய்து கூலி பெறுகிறார். கேட்கும் சமூகத்தையே நாம் கேள்வி கேட்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பு கருவிகளுக்குள்ளேயே புகுந்திருப்பதையும் மறக்கலாகாது. கொடாக் நிறுவனம் நிறப் பிலிமைச் சரிசெய்ய அச்சகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்களின் முகமே இருந்தது. அந்தத் தோலுக்குச் சரியாக அமைந்ததே "சரியான நிறம்" எனப்பட்டது. தென்னாபிரிக்கக் கறுப்பின மக்களை அடக்கிய கடவுச்சீட்டுகளுக்குப் போலறொய்ட் கமராக்கள் பயன்படுவதை 1970 இல் கண்டறிந்து எதிர்த்து எழுந்தவர்கள், அந்நிறுவனத்திலேயே பணிபுரிந்த கரோலைன் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்னும் இரு கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் தொடங்கிய இயக்கத்தின் பின், 1977 இல் அந்நிறுவனம் தென்னாபிரிக்காவை விட்டு வெளியேறியது. கருவி நடுநிலையானது என்று நம்புவோர் இந்த வரலாற்றைப் படிக்கவேண்டும். கருவியை மாற்ற முடியும் என்பதற்கும் இதுவே சான்று.

இனி, இப்பக்கங்களின் வாசகர்களிடையே எழக்கூடிய மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். ஒடுக்கப்பட்டவனிடம் பத்திரிகை இல்லை, தொலைக்காட்சி இல்லை, அரசு இல்லை. அவனுடைய துயரம் மெய். உலகத்தின் கண்ணைத் திருப்புவதற்காக அவன் ஒரு படத்தில் சிறிது இரத்தத்தையோ புகையையோ கூட்டினால் குற்றமா? நீதியான நோக்கம் பொய்யான வழியைத் தூய்மைப்படுத்தாதா?

இக்கேள்விக்கு எதிரியின் வரலாற்றை எடுத்துக்காட்டிப் பதில் சொல்வது எளிது. நம் அணியின் வரலாற்றை எடுத்துக்காட்டுவதே நேர்மை. 1945 மே 2 ஆம் நாள் பெர்லின் றைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் செங்கொடி ஏற்றும் வீரர்களை யெவ்கேனி கால்தேய் என்னும் சோவியத் படப்பிடிப்பாளர் எடுத்தார். பாசிசத்தின் வீழ்ச்சிக்கு உலகமே அறிந்த சின்னமாகிய அந்தப் படம், முதலில் கொடியேறிய கணத்தில் எடுத்ததன்று. பின்னர் அமைத்து எடுத்தது. அதில் புகை பின்னர் கூட்டப்பட்டது. ஒரு வீரனின் இரு கைகளிலும் கடிகாரங்கள் இருந்தமையால், அது கொள்ளையைச் சுட்டும் என்று அஞ்சி, ஒன்று அழிக்கப்பட்டது. பாசிசம் வீழ்ந்தது மெய். கோடிக்கணக்கான சோவியத் மக்கள் உயிர் தந்து அதை வீழ்த்தினர் என்பதும் மெய். அந்த மெய்க்குப் பொய்ப்புகை தேவைப்படவே இல்லை. ஆனால் ஒரு கடிகாரத்தை அழிக்கப் பழகிய கை அங்கே நின்றுவிடவுமில்லை. அதற்கு முன்பே அது மனிதரை அழிக்கப் பழகியிருந்தது. மொஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகில் நடந்த யெசோவ், 1940 இல் சுட்டுக் கொல்லப்பட்டபின், அந்தப் படத்திலிருந்தும் மறைந்தான். அவன் நின்ற இடத்தில் தண்ணீர் தெரிந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்றவனுக்காக நாம் இரங்கவில்லை. ஆனால் அவனைப் படத்திலிருந்து நீக்கியதால், அவனை அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் யார் என்ற கேள்வியும் சேர்ந்து நீக்கப்பட்டது. படத்தில் செய்யும் பொய் இறந்தவனைவிட இருப்பவனையே அதிகம் காப்பாற்றுகிறது.

நமக்கு இன்னும் அண்மையான சான்றும் உண்டு. 2009 ஆகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, ஆடை களைந்து கைகள் கட்டப்பட்ட மனிதர் சுட்டுக் கொல்லப்படும் ஒரு காணொளியை ஒளிபரப்பியது. இலங்கை அரசாங்கம் அது போலி, கணினியில் செய்தது என்று மறுத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்ரன், சட்ட மருத்துவம், துப்பாக்கிச் சூடு, காணொளி ஆய்வு ஆகிய துறைகளில் மூன்று சுயாதீன நிபுணர்களைக் கொண்டு அதைச் சோதித்தார். 2010 ஜனவரியில், அது மெய்யானது என்பதையே அவர்களின் முடிவுகள் வலுவாகச் சுட்டுகின்றன என அறிவித்தார். விளக்கம் கிடைக்காத சில கூறுகள் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. நீண்ட பதிப்பொன்றை ஆராய்ந்த அவருக்குப் பின்வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் 2011 இல் அதே முடிவுக்கு வந்தார்.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை என்ன? குற்றம் சாட்டப்பட்ட அதிகாரத்துக்கு "அது எடிட் செய்தது" என்பதே முதல் அரண். நியாயமான கோபத்தில் எவரோ ஒருவர் புனைந்து பரப்பும் ஒவ்வொரு படமும் அந்த அரணுக்கு ஒரு கல் கூடுதலாக வைக்கிறது. செம்மணியை நினைப்போம். 1998 இல் கொழும்பில் மரணதண்டனை விதிக்கப்பட்ட படைவீரர் ஒருவர், அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டனர் என்று நீதிமன்றில் கூறினார். 1999 இல் தோண்டியபோது பதினைந்து உடல்களின் எச்சங்கள் கிடைத்தன. 2025 இல் அரியாலை, செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கண்டெடுத்த பொருட்கள், உறவினர் இனங்காண்பதற்காக 2025 ஆகஸ்ட் 5 ஆம் நாள் மக்களுக்குக் காட்டப்பட்டன. இவ்வளவு மெய் மண்ணிலிருந்து எழுந்து நிற்கும்போது, கணினியில் செய்த ஒரு போலிப் புதைகுழிப் படத்தைப் பரப்புபவர் யாருக்கு உதவுகிறார்? வலியவனிடம் படை உண்டு, பணம் உண்டு, பொய்யில்லாமலும் அவன் வாழலாம். எளியவனிடம் இருப்பது அவன் சொல்லின் நம்பகம் ஒன்றே. அதை இழந்தபின் அவன் எதைக் கொண்டு நீதி கேட்பான்? ஆகையால் ஒடுக்கப்பட்டவனுக்கு வாய்மை ஓர் அலங்கார ஒழுக்கமன்று. அவன் கையிலுள்ள ஒரே ஆயுதம்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தைப் பற்றியும் ஒரு சொல். அடையாள அட்டைக்காக எடுத்த முத்திரையளவுப் படமே பல வீடுகளில் எஞ்சியுள்ளது. அதைப் பெரிதாக்கித் தெளிவாக்கித் தருவதாக இன்று செயற்கை நுண்ணறிவு நிரல்கள் முன்வருகின்றன. மங்கிய படத்தில் கண்ணுக்குச் சில புள்ளிகளே உண்டு. அவற்றிலிருந்து இமைமயிரும் கருவிழியும் எப்படித் தோன்றும்? பிறருடைய ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து எடுத்துப் பொருத்தப்படும். 2020 இல் அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கிய அத்தகைய நிரல் ஒன்றுக்கு பராக் ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளையரின் முகத்தைத் திருப்பித் தந்தது. பூசை அறைச் சுவரில் மாட்ட அப்படி ஒரு படத்தை ஒரு தாய் விரும்பினால் அவரைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் தேடுவதற்காகவும் சாட்சியத்துக்காகவும் கொடுக்கும் படத்தில் அந்தப் புதுமுகம் புகுந்தால், தேடப்படுபவன் இன்னொரு முறை காணாமல் போகிறான். அந்த மங்கல்தான் அவனுடையது; தெளிவு வேறு யாருடையதோ.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? சாட்சியாக நிற்கும் படத்தில் வெளிச்சத்தைச் சீராக்கலாம், நிறத்தைக் கண்ட அளவுக்கு மீட்கலாம், ஓரத்தை வெட்டலாம்; வெட்டியதால் பொருள் மாறாதிருக்க வேண்டும். உள்ளதை நீக்குவதும் இல்லாததைச் சேர்ப்பதும் ஆகா. மூலக்கோப்பை அழிக்காமல் வேறாகப் பாதுகாக்க வேண்டும். எடுத்தவர், இடம், நாள், செய்த திருத்தம் ஆகியவற்றைப் படத்தோடு எழுதிவைக்க வேண்டும். தடயவியலில் எலும்பின் அருகே அளவுகோலும் இலக்கமும் வைத்துப் படமெடுக்கிறார்கள். தெளிவுக்காகத் திருத்தினால் ஒவ்வொரு படியையும் பதிகிறார்கள். செய்தித் துறையிலும் இந்தக் கண்டிப்பு வளர்ந்திருக்கிறது. உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் இறுதிக்கு முந்திய சுற்றை எட்டியவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 2015 இல் மூலக்கோப்புடன் ஒப்பிட்டுத் தள்ளப்பட்டது.

நம் பாடசாலைகளில் கட்டுரை எழுதவும் கணக்குச் சரிபார்க்கவும் கற்பிக்கிறோம். மாணவர் நாள்தோறும் நூறு படங்களைக் காண்கின்றனர். அவற்றை விசாரிக்கக் கற்பிப்பதில்லை. ஒரு படத்தைக் கரும்பலகையருகே வைத்து, "இது யார் கூற்று? எங்கே நின்று எடுத்தார்? சட்டத்துக்கு வெளியே என்ன இருந்திருக்கலாம்? மூலம் எங்கே?" என்று கேட்கப் பழக்குவதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை, ஒரு பாடவேளை போதும். மாணவர் தாமே படமெடுத்து, செய்த திருத்தத்தைக் கீழே ஒரு வரியில் எழுதட்டும். எழுதக் கை கூசும் இடத்தில் ஏன் கூசுகிறது என்பதை வகுப்பில் பேசட்டும். நம்பிக்கையும் ஐயமும் இரண்டும் பயிற்சியால் வருபவை. பயிற்சியற்ற நம்பிக்கையை விளம்பரக்காரனும், பயிற்சியற்ற ஐயத்தை அதிகாரக்காரனும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

தீர விசாரிப்பதே மெய் என்ற முதுமொழியின் பாதிப் பொருளையே நாம் இதுவரை கொண்டோம். விசாரிப்பது பார்ப்பவன் கடமை. விசாரணைக்குத் தாங்கும்படி படத்தை வைத்துச் செல்வது எடுப்பவன் கடமை. குடாநாட்டில் எடுக்கப்பட்ட பல படங்கள் இன்னும் எந்த நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்படவில்லை. அவை வைக்கப்படும் நாளில் எடுத்தவர் உயிரோடு இல்லாமற் போகலாம். அப்போது அவருக்காகப் பேசப்போவது மூலக்கோப்பும், கீழே எழுதிய அந்த ஒரு வரியுந்தான்.